கப்பலில் எத்தனை மெகாவாட்? விண்கலச் சண்டை விதிகளில் ஆற்றல் கணக்கைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏழு பேர் உட்கார்ந்தால் இடம் நிறைந்துவிடும். கேரம் போர்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் விண்வெளி வரைபடம், பகடைகள், சுண்டல் பொட்டலம். எங்கள் பகடை ஆட்டத்துக்காக நான் எட்டு மாதம் உட்கார்ந்து எழுதிய விண்கலச் சண்டை விதிகள் அங்கேதான், மூன்றாவது வாரமே, மண்ணைக் கவ்வின.

விதிகள் எளிமையானவை. லேசருக்கு 4 பகடை, ஏவுகணைக்கு 6 பகடை, கப்பலின் மேலோட்டுக்கு 60 புள்ளி. அன்றைக்கு இலக்கு ஒரு சிறுகோளுக்குள் குடைந்த எதிரித் தளம். அதற்கு 2,000 புள்ளி. கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி ஒரு மாதம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். எங்கள் குழுவில் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் பார்க்கும் அண்ணன் ஒருவர் உண்டு. தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "ஏம்பா, இந்தக் கப்பலு 1 ஜி முடுக்கத்துல எவ்ளோ நேரம் வேணாலும் போவும்னு எழுதிக்கிறியே. ஒரு நாள் போனா எவ்ளோ ஸ்பீடு வரும்?"

1 ஜி என்பது பூமியில் கீழே விழும் பொருள் வேகம் பிடிக்கும் அளவு. போனில் தட்டிப் பார்த்தோம். நொடிக்கு 847 கிலோமீட்டர்.

"அப்புறம் எதுக்குப்பா லேசரு? கப்பலையே வுட்டு இடிச்சிரலாமே."

100 டன் கப்பல் அந்த வேகத்தில் மோதினால் 86 லட்சம் டன் டி.என்.டி. வெடித்த மாதிரி. தளம் என்ன, சிறுகோளின் பாதியே கிளம்பிவிடும். நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி வந்தது: "சரி, உள்ள எத்தினி மெகாவாட்டு ஓடுது?"

பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வைக்காத விதிப்புத்தகம் எதுவாக இருந்தாலும் என்றாவது ஒரு சனிக்கிழமை இப்படித்தான் மாட்டும். அதற்குப் பிறகு நான் செய்ததைப் படிப்படியாக எழுதுகிறேன். எல்லாம் நிஜ அறிவியலாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கில்லை. மாய எஞ்சின் வேண்டுமா, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே கப்பலின் எஞ்சினும் லேசரும் வெவ்வேறு பிரபஞ்சத்தில் ஓடக் கூடாது. அவ்வளவுதான் கேட்பது.

படி 1: ஒரு ரவுண்டு எத்தனை நொடி?

பகடைக்கு முன்னால், ஆயுதத்துக்கு முன்னால், இதை எழுதுங்கள். பலர் இதைக் கடைசியில் எழுதுகிறார்கள், இல்லாவிட்டால் எழுதுவதே இல்லை. ஒரு ஆயுதம் "ஒரு ரவுண்டில்" எவ்வளவு ஆற்றலைக் கக்குகிறது என்பது முழுக்க முழுக்க ரவுண்டின் நீளத்தைப் பொறுத்தது.

1977-இல் வந்த டிராவலர் என்ற விண்வெளிப் பகடை ஆட்டத்துக்குப் பின்னால் சேர்ந்த ஹை கார்டு என்ற கப்பல் கட்டும் விதிநூலில் 1 எனர்ஜி பாயின்ட் என்பது 250 மெகாவாட். சண்டையின் ஒரு சுற்று 20 நிமிடம். 1 மெகாவாட் ஒரு நொடி ஓடினால் 1 மெகாஜூல், ஆயிரம் மெகாஜூல் ஒரு ஜிகாஜூல். பெருக்கிப் பாருங்கள்: 1,200 நொடி, 300 ஜிகாஜூல், ஏறக்குறைய 72 டன் டி.என்.டி. அதே பாயின்டை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு விதியில் சுற்றை 6 நிமிடமாக்கினால் 90 ஜிகாஜூல்தான் மிஞ்சும். ஆயுதத்தின் சேதப் பகடையை மட்டும் மாற்றாமல் விட்டிருப்பீர்கள். ஓட்டை அங்கே விழுகிறது.

நான் 1 நிமிடம் வைத்துக்கொண்டேன். 60 நொடி, பெருக்க எளிது.

படி 2: அளவுகோலைக் கைக்குப் பழக்குங்கள்

மெகாஜூல், ஜிகாஜூல் என்று தாளில் எழுதினால் யாருக்கும் உறைக்காது. மூன்று எண்களை மனப்பாடம் செய்தால் போதும்.

1 டன் டி.என்.டி. என்பது 4.2 ஜிகாஜூல். நொடிக்கு 3 கி.மீ. வேகத்தில் வரும் எதுவும், அது செங்கல்லோ சோற்று மூட்டையோ, தன் எடைக்குச் சமமான டி.என்.டி. அளவு ஆற்றலைச் சுமந்து வருகிறது. வேகம் பத்து மடங்கானால் அது நூறு மடங்கு. மூன்றாவது, ஒரு கிலோ இரும்பைச் சாதாரணச் சூட்டிலிருந்து ஆவியாக்க சுமார் 7.5 மெகாஜூல் வேண்டும்.

படி 3: உலை

அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டாம் நிலையில் இரண்டு அலகுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 600 மெகாவாட். மீஞ்சூர் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்கு அந்தப் புகைபோக்கிகள் தெரியும். அதில் ஒரு அலகை எடுத்து என் கப்பலுக்குள் வைத்தேன். கப்பலுக்குக் கட்டுமரம் என்று பெயர், எடை 100 டன். நிஜத்தில் அந்த அலகு 100 டன்னுக்குள் அடங்காது. கொதிகலனே பல மாடி உயரம். எதிர்காலத்து அணுப்பிணைவு உலை என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்தேன். இந்த ஒரு மாயத்தை ஆட்டக்காரர்கள் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வார்கள், ஏனென்றால் விலை எழுதிய மாயம் இது.

600 மெகாவாட், 60 நொடி. ரவுண்டுக்கு 36 ஜிகாஜூல். கட்டுமரத்தின் சம்பளம் அதுதான். இனி எல்லாச் செலவும் இதற்குள்.

படி 4: எஞ்சின்

இங்கேதான் பெரும்பாலான ஆட்டங்கள் கவிழ்கின்றன. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆயுதங்களை எழுதுகிறவர்கள் ஆயுதத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் கப்பலில் அதிக ஆற்றல் தின்பது பெரும்பாலும் எஞ்சின்தான். 100 டன்னை 1 ஜி-யில் தள்ள சுமார் 10 லட்சம் நியூட்டன் விசை வேண்டும். ராக்கெட் என்றால், பின்னால் கக்கும் வாயு எவ்வளவு வேகமோ அவ்வளவுக்கு எரிபொருள் மிச்சம், ஆனால் மின்சாரச் செலவு அதிகம். விசையைக் கக்கும் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் எஞ்சினின் திறன் வரும். நொடிக்கு 100 கி.மீ. வேகத்தில் கக்கினால் 50 ஜிகாவாட். 2024 மே மாதக் கோடையில் தமிழ்நாடு முழுக்க ஃபேனும் ஏசியும் ஓடியபோது உச்ச மின்தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல், ஒரு சின்னக் கப்பலின் வாலில். அதை வைத்துக்கொண்டு மூக்கில் 100 மெகாவாட் லேசர் மாட்டுவது, கையில் வீச்சரிவாள் இருக்கும்போது குண்டூசியால் குத்துகிற கதை. எதிரி துரத்தினால் வாலைத் திருப்பிக் காட்டினால் போதும்.

ஆக, முதல் வழி: ஆமாம், என் எஞ்சின் 50 ஜிகாவாட் தீப்பந்தம்தான் என்று ஒப்புக்கொள்வது. அப்படியானால் அதை ஆயுதப் பட்டியலில் எழுதுங்கள், துறைமுகச் சட்டங்களை எழுதுங்கள். எந்த நிலையமும் அந்தக் கப்பலைத் தன் பக்கத்தில் எஞ்சின் போட விடாது. சென்னைத் துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்களை இழுவைப் படகு கொண்டு வருவது மாதிரி இழுத்துத்தான் வர வேண்டும். இதிலிருந்தே நல்ல கதைகள் கிளம்பும்.

இரண்டாம் வழி: உலையின் 600 மெகாவாட்டுக்குள் எஞ்சினை அடக்குவது. அதே 100 கி.மீ. வேகத்தில் கக்கினால் கிடைப்பது 12,000 நியூட்டன், அதாவது 1 ஜி-யில் நூறில் ஒரு பங்கு சொச்சம். கப்பல் மாட்டுவண்டி வேகத்தில் கிளம்பும், நாள்கணக்கில் வேகம் பிடிக்கும். நீர்மூழ்கிக் கப்பல் கதை மாதிரிப் பொறுமையான ஆட்டம் பிடித்தவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. எங்கள் மாடியில் இது எடுபடாது, பதினோரு மணிக்குமேல் எல்லோருக்கும் தூக்கம் வந்துவிடும்.

மூன்றாம் வழி, எதையும் கக்காமல் தள்ளும் மாய எஞ்சின். பெரும்பாலான ஆட்டங்களில் இருப்பது இதுதான், என்னுடையதிலும். 847 கி.மீ. வில்லங்கம் வந்தது இதனால்தான். அந்த வேகத்துக்கு 100 டன்னில் ஏறும் இயக்க ஆற்றலைப் பார்த்தால், 600 மெகாவாட் உலை ஒரு நாள் முழுக்கக் கொடுப்பதைப் போல் ஏறக்குறைய 700 மடங்கு. மீதி எங்கிருந்து வந்தது? யாரும் கொடுக்கவில்லை.

சரிசெய்ய ஒரே வரி போதும்: எஞ்சின் கப்பலுக்கு ஏற்றும் இயக்க ஆற்றல், உலை எஞ்சினுக்குக் கொடுத்த ஆற்றலைத் தாண்டக் கூடாது. ஆனால் இந்த வரியில் ஒரு பொறி இருக்கிறது. வேகம் என்றால் எதை வைத்து அளந்த வேகம்? கும்மிடிப்பூண்டி லோக்கலில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவருக்கு வேர்க்கடலையைத் தூக்கிப் போட்டால், வண்டிக்குள் இருப்பவருக்கு அது மெதுவாக வருகிறது. கொருக்குப்பேட்டை பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு அது வண்டி வேகத்தையும் சேர்த்துக்கொண்டு போகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் இது சின்ன வித்தியாசம் இல்லை. கட்டுமரம் நின்ற நிலையிலிருந்து நொடிக்கு 1 கி.மீ. வேகம் பிடிக்க 50 ஜிகாஜூல். 100-லிருந்து 101-க்குப் போக 10,000 ஜிகாஜூலுக்கு மேல். ராக்கெட்டில் கக்கிய வாயு கணக்கை நேர்செய்துவிடும். மாய எஞ்சினில் நேர்செய்ய ஆள் இல்லை. அதனால் நான் எழுதியது: எஞ்சின் பக்கத்தில் இருக்கும் பெரிய கோளையோ நட்சத்திரத்தையோ பிடித்துத் தள்ளுகிறது, வேகத்தை அதை வைத்தே அளக்க வேண்டும்.

இப்போது பாருங்கள். முழு 600 மெகாவாட்டையும் எஞ்சினுக்கே கொடுத்தால் முதல் 1 கி.மீ. வேகத்துக்கு 83 நொடி, 1 ஜி-க்கும் மேலான உதை. அப்புறம் வேகம் ஏற ஏற முடுக்கம் குறைந்துகொண்டே போகும். ஒரு நாள் முடிவில் 847 இல்லை, 32 கி.மீ. மோதினால் 12,000 டன் டி.என்.டி. இன்னும் பெரிய அடிதான், ஆனால் அந்த ஆற்றல் முழுக்க உலையிலிருந்து வந்தது, ஒரு நாள் செலவழித்து வந்தது, அந்த ஒரு நாளும் தளத்தில் இருப்பவர்கள் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கணக்கும் ஒத்துவருகிறது, ஆட்டமும் பிழைக்கிறது. எனக்கு இந்தப் படி ஒன்றுக்கே மூன்று வாரம் ஆனது.

படி 5: ஆயுதங்களுக்குப் பங்கு பிரிப்பது

இனி சுலபம், வீட்டு பட்ஜெட் மாதிரி. லேசருக்கு 300 மெகாவாட், எஞ்சினுக்கு 200, மீதி 100 ரயில்கன்னுக்கும் (மின்காந்த விசையால் குண்டை ஏவும் பீரங்கி) மற்றதுக்கும்.

லேசர் எடுக்கும் மின்சாரம் முழுக்க ஒளியாகாது. இன்றைக்கு இரும்பு வெட்டும் நல்ல ஃபைபர் லேசர்களே மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் தருகின்றன. மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தேன். 100 மெகாவாட் ஒளி, ரவுண்டுக்கு 6 ஜிகாஜூல். மீதி 200 மெகாவாட் சூடு. அதை அடுத்த படிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில்கன் 10 கிலோ குண்டை நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் விடுகிறது. குண்டில் 500 மெகாஜூல், எடுத்தது 1 ஜிகாஜூல். ரவுண்டுக்கு ஆறு குண்டு விடலாம். ஒவ்வொரு குண்டுக்கும் கப்பல் நொடிக்கு 1 மீட்டர் பின்னால் உதைபடும், மறக்க வேண்டாம். 1,000 கி.மீ. தூரத்துக்குக் குண்டு போய்ச் சேர 100 நொடி. அதற்குள் எதிரி லேசாக நகர்ந்தாலும் ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பான். கிட்டத்துச் சண்டைக்கு மட்டும்.

ஏவுகணைதான் வேடிக்கை. 500 கிலோ, மோதும்போது 30 கி.மீ. வேகம் என்றால் 225 ஜிகாஜூல், 54 டன் டி.என்.டி. உள்ளே வெடிமருந்து வைப்பது வீண், எடையும் வேகமுமே பார்த்துக்கொள்ளும். லேசரின் ஒரு ரவுண்டைவிட 37 மடங்கு! ஏமாற்றா? இல்லை. அந்த வேகத்தில் பெரும்பங்கு தாய்க்கப்பல் கொடுத்தது. ஆறேகால் நிமிட உலை ஓட்டம். ஏவுகணை என்பது நேற்றே செலவழித்து வைத்த மின்சாரம். இதைப் புரிந்துகொண்ட அன்று எங்கள் பசங்கள் சண்டைக்கு ஒரு நாள் முன்பிருந்தே திட்டம் போட ஆரம்பித்தார்கள்.

படி 6: சூடு

அனல்மின் நிலையத்தைக் கடலோரத்தில் கட்டுவது ஏன் என்று அண்ணனைக் கேட்டேன். நிலக்கரி கப்பலில் வந்து இறங்குவது ஒரு காரணம். குளிர்விக்கக் கடல் நீர் கிடைப்பது இன்னொன்று. "கரண்டு எடுக்கறது பாதி வேலைபா. மிச்ச சூட்ட எங்க கொட்டறதுங்கறதுதான் மீதி" என்றார். விண்வெளியில் கடல் இல்லை, காற்றும் இல்லை. சூடு வெளியேற ஒரே வழி, தகடுகளைப் பழுக்க வைத்து வெப்பக் கதிராக வெளியே விடுவது.

தகட்டின் சூடு கொஞ்சம் ஏறினாலும் வெளியேறுவது எக்கச்சக்கமாக ஏறும், நான்காம் அடுக்கில். 1,000 கெல்வினில் (273 கழித்தால் செல்சியஸ்) ஒரு சதுர மீட்டரின் ஒரு பக்கம் 57 கிலோவாட் வெளியே தள்ளும். 1,500 கெல்வினில் 287. உலை 600 மெகாவாட் மின்சாரம் தர 1,200 மெகாவாட் சூட்டை வீணாக்குகிறது என்று வைத்தால், 1,000 கெல்வின் ரேடியேட்டர் இருபக்கமும் வேலை செய்தாலும் 10,600 சதுர மீட்டர், ஒன்றரை ஃபுட்பால் மைதானம். வியாசர்பாடிப் பசங்கள் ஒரு மேட்ச்சும் பக்கத்தில் பாதி மேட்ச்சும் ஆடலாம். கப்பல் படம் வரைந்தவர் அதை வரையவில்லை என்றால் திரும்ப வரையச் சொல்லுங்கள். 1,500 கெல்வின் என்றால் 2,100 சதுர மீட்டர் போதும். நான் அதையே எடுத்துக்கொண்டேன்.

லேசரின் கதை வேறு. லேசர் சாதனம் சுமார் அறைச் சூட்டில் இருந்தால்தான் வேலை செய்யும். அதன் 200 மெகாவாட் சூட்டை 300 கெல்வின் ரேடியேட்டரில் தள்ள வேண்டுமானால் முப்பது ஃபுட்பால் மைதானம் வேண்டும். நடக்காத காரியம். அப்படியானால் சண்டை நேரத்தில் அந்தச் சூட்டை எதிலாவது குடிக்க வைக்க வேண்டும். தண்ணீர்.

பனிக்குளிரில் இருக்கும் 1 டன் நீரைக் கொதிக்க வைத்து முழுக்க ஆவியாக வெளியே விட்டால் 2.7 ஜிகாஜூல் சூட்டைக் குடித்துக்கொண்டு போகும். லேசர் ரவுண்டுக்கு 12 ஜிகாஜூல் சூடு தருகிறது. ஆக, ஒரு ரவுண்டு சுட்டால் நாலரை டன் நீர் போச்சு. எங்கள் தெருவுக்கு வரும் 9,000 லிட்டர் தண்ணி லாரியை அப்படியே கப்பலில் ஏற்றினால் லேசர் இரண்டு நிமிடம் ஓடும்.

இதைச் சொன்னதும் மாடியில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. லாரி வரும்போது குடத்தோடு ஓடி வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு லேசர் பொத்தானை ஒருவரும் சும்மா அழுத்தவில்லை. "எத்தினி லாரி பாக்கி?" என்பதே எங்கள் சண்டையின் முக்கியமான கேள்வியாகிவிட்டது. நான் எட்டு மாதம் யோசித்து எழுதிய எந்த விதியும் இவ்வளவு பதற்றத்தைக் கொண்டுவந்ததில்லை. இந்த ஒரு படியை மட்டும் உங்கள் ஆட்டத்தில் சேர்த்தாலும் போதும், மற்றதையெல்லாம் விட்டுவிடுங்கள்.

படி 7: போய்ச் சேர்ந்த ஆற்றல் என்ன செய்கிறது?

லேசர் கதிர் தூரம் போகப் போக விரியும். எந்தக் கண்ணாடியாலும் அதைத் தடுக்க முடியாது, ஒளியின் குணமே அது. 1 மைக்ரான் அலைநீளம், கதிரைக் குவிக்க 10 மீட்டர் அகலக் கண்ணாடி என்று வைத்தால், 1,000 கி.மீ. தூரத்தில் பொட்டு 24 செ.மீ. அகலம். பத்து மடங்கு தூரத்தில் 2.4 மீட்டர். நூறு மடங்கில் 24 மீட்டர்.

நம் 6 ஜிகாஜூல் இரும்பில் விழுந்தால்? 1,000 கி.மீ.-யில், எல்லா ஒளியும் உள்ளே போய், எதிரி அசையாமல் நின்றால், இரண்டு மீட்டர் ஆழக் குழி. 10,000 கி.மீ.-யில் அதே சுடுதல் ஓரிரண்டு சென்டிமீட்டர் சுரண்டும். 1,00,000 கி.மீ.-யில் ஒரு சதுர மீட்டருக்கு 214 கிலோவாட்தான் விழும். இரும்பு 1,400 கெல்வின் வரை பழுத்து அங்கேயே நின்றுவிடும். அது உருக 1,811 வேண்டும். துளை விழாது, ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு வேர்க்கும், அவர்களுடைய தண்ணீர் கொதிக்கும். தூரத்துச் சண்டையில் லேசர் துளைக்கும் ஆயுதமே இல்லை, எதிரியின் லாரியைக் காலி செய்யும் ஆயுதம். எதிரி கப்பலை உருட்டிக்கொண்டே இருந்தால் கிட்டத்திலும் குழி ஆழமாகாது.

ஆற்றல் மட்டுமே சேதம் ஆகிவிடாது என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தைச் சுட்டது. சுமார் 130 குண்டுகள். ஒவ்வொன்றும் 17 கிலோ சொச்சம், நொடிக்கு 690 மீட்டர் வேகத்தில் கிளம்பியவை. இயக்க ஆற்றல் 4 மெகாஜூல், உள்ளிருந்த வெடிமருந்தைச் சேர்த்தாலும் பத்துப் பதினைந்தைத் தாண்டாது. அத்தனை குண்டையும் கூட்டினால் 2 ஜிகாஜூல். 200 லிட்டர் பீப்பாய் மண்ணெண்ணெயில் பாதிகூட இல்லை. ஆனால் அவை விழுந்தது பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளில். அந்த இரவை எரித்தது எம்டனின் ஆற்றல் இல்லை, தொட்டிக்குள் இருந்த ஆற்றல். ஒரு டன் எண்ணெய் எரிந்தாலே 43 ஜிகாஜூல்.

எனவே இலக்கின் தாளில் மேலோடு எவ்வளவு தடிமன் என்பதோடு, உள்ளே என்ன சேமித்து வைத்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அபாயகரமான அடி என்று பகடை விழுந்தால் எந்தத் தொட்டி என்று பார்க்க வேண்டும். சுட்டவனின் கணக்கிலிருந்து வராத ஆற்றல் அது, ஆனால் வந்த இடம் தெரிந்த ஆற்றல். அதனால் ஒழுங்கு கெடாது.

படி 8: பகடைக்கு மாற்றுவது

500 மெகாஜூலிலிருந்து 225 ஜிகாஜூல் வரை நேராகப் பகடையில் எழுதினால் ரயில்கன்னுக்கு 1 பகடை, ஏவுகணைக்கு 450 பகடை. ஒரு சாக்கு நிறைய வேண்டும். மடக்கை அளவில் எழுதுங்கள்: 10 மெகாஜூலுக்கு 1 பகடை, அப்புறம் ஒவ்வொரு பத்து மடங்குக்கும் ஒரு பகடை கூட. ரயில்கன் குண்டு 3, லேசர் கிட்டத்தில் 4, ஏவுகணை 5, ஒரு நாள் ஓடி வந்து மோதும் கட்டுமரம் 8. தூரம் பத்து மடங்கானால் லேசருக்கு 2 பகடை கழிவு. என் பழைய விதியிலும் லேசருக்கு 4 பகடைதான் இருந்தது. குத்துமதிப்பாக எழுதியது சரியாக விழுந்ததில் ஒரு அற்பச் சந்தோஷம்.

ஆனால் கவனம், அடுத்த ஓட்டை இங்கே இருக்கிறது, பல ஆட்டங்களில் யாரும் பார்க்காமலே இருக்கிறது. பகடையை மடக்கையில் எழுதிவிட்டு, மேலோட்டுப் புள்ளியை மட்டும் பழையபடி கழித்துக்கொண்டே வந்தால் எல்லாம் கெட்டது. இரண்டு லேசர், ஆளுக்கு 4 பகடை, மொத்தம் 8 பகடை. அதாவது இரண்டு லேசர் சேர்ந்தால் ஒரு கப்பல் மோதியதற்குச் சமம்! உண்மையில் இரண்டு லேசர் என்றால் ஆற்றல் இரண்டு மடங்கு மட்டுமே. ஆறுமுகப் பகடையின் சராசரி 3.5, பத்து மடங்கு என்பது மூன்று தடவைக்குச் சற்று மேல் இரட்டிப்பது. எனவே ஒரு இரட்டிப்புக்கு ஏறக்குறைய 1 புள்ளி. இரண்டு லேசர் ஒரே இடத்தில் சுட்டால் 4 பகடையும் கூட 1-ம். நான்கு லேசர் என்றால் கூட 2.

மேலோட்டையும் கழிக்கும் புள்ளியாக வைக்காதீர்கள். தாண்ட வேண்டிய எண்ணாக வையுங்கள். கட்டுமரத்தின் மேலோடு 14. விழுந்தது 14-ஐத் தாண்டினால் துளை, பிறகு என்ன உடைந்தது என்று பட்டியல் பார்ப்பது. தாண்டாவிட்டால் கீறல், கூடவே கொஞ்சம் சூடு.

படி 9: எம்டனிடம் கொடுங்கள்

எமகாதகனை எங்கள் பக்கம் இன்றைக்கும் "சரியான எம்டன்" என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு ஆட்டக் குழுவிலும் ஒருவர் இருப்பார். விதித்தாளை முடித்ததும் ஆட்டத்துக்கு முன்னால் அவர் கையில் கொடுத்து, இதை உடை என்று சொல்லுங்கள். எங்கள் எம்டன் அந்த அனல்மின் அண்ணன்தான். இரண்டே நாளில் வந்தார்.

"சண்டைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே உலைய ஓட்டி, கரண்ட எல்லாம் பேட்டரில ரொப்பி வச்சிக்கறேன். சண்டைல ஒரே அடியா வுட்டா?"

600 மெகாவாட், 3,600 நொடி. 2,160 ஜிகாஜூல். ஒரே ரவுண்டில் அறுபது ரவுண்டுச் சம்பளம். சேமிப்புக்கு நான் எல்லையே எழுதவில்லை. இன்றைய நல்ல லித்தியம் பேட்டரி கிலோவுக்கு 0.9 மெகாஜூல் வைத்திருக்கும். அந்தக் கணக்கில் அவருக்கு 2,400 டன் பேட்டரி வேண்டும், கப்பலோ 100 டன். எனவே கட்டுமரத்தின் தாளில் புதிதாக ஒரு வரி ஏறியது: சேமிப்பு 10 டன், 9 ஜிகாஜூல், அடிபட்டால் உள்ளேயே 2 டன் டி.என்.டி.

அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். போன சனிக்கிழமை, எதிரி துரத்தி வந்தபோது, சேமிப்புப் பெட்டியை முழுக்க ஏற்றி, கயிற்றை அறுத்துக் கப்பலின் பின்னால் மிதக்க விட்டார்.